வல்லக்கோட்டைக்கு இன்னொரு ரவுண்டு

ஒரகடம் பெட்ரோல் பங்க் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பைக், லடாக் வரை போய்த் திரும்பிய புழுதியோடு நின்றது. மூட்டைகளுக்கு நடுவே இரண்டு பேர். பின்னால் இருந்தவர் சொன்னார்:

"மச்சான், வல்லக்கோட்டை முருகனே நம்மள மூணு வாட்டி பாத்துட்டாரு. வூட்டுக்குப் போடா."

"போனா வண்டி போயிடும் ஜோசப்பு. ட்ரிப் முடிஞ்சதும் வித்துடணும்னு சொல்லித்தான தேவி அனுப்புனா? வூட்டுக்குப் போனாத்தான ட்ரிப் முடியும்?"

"நம்மகூட வந்தவனுங்க வாலாஜாபாத்துலயே பிரிஞ்சி போய், குளிச்சிட்டு தூங்கினு இருப்பானுங்க. எனக்கு உக்கார்ற எடமே மரத்துப் போச்சுடா."

"இன்னும் ஒரே ரவுண்டு."

கைப்பிடியில் மாட்டியிருந்த போன் அடித்தது. ஓட்டி வந்தவர் ஸ்பீக்கரைத் தட்டினார். மனைவிதான்.

"இன்னாய்யா, கம்பெனி பஸ்ல வரும்போது உன்னப் பாத்தேன். வூட்டுக்கு வராம எங்க சுத்தினு கீற?"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். வெயிலில் மூக்கு உரிந்திருந்தது.

"வண்டிய விக்க மனசு வரல தேவி."

வரிசையில் நின்ற நாங்கள் போன் பக்கம் காதைத் திருப்பினோம்.

"அத அப்புறம் பாக்கலாம். ஞாயித்துக்கெழம எனக்கு ஷிப்ட் இல்ல. டேங்க் ஃபுல் பண்ணினு வா. பாண்டிச்சேரி போலாம்."

"ஃபுல் போடுங்கண்ணே!" என்று அவர் பங்க்காரரிடம் கத்தினார்.

ஜோசப் முன்னால் குனிந்து போனிடம் கேட்டார். "அப்ப நானு, தங்கச்சி?"

"நீ பஸ்ல வாண்ணே."

"ரொம்ப தேங்க்ஸ்மா" என்றார் ஜோசப், மனதார.