மாரெட் செய்த பெஞ்சும் உட்கார மறுத்த நானும்

தலைமை தாங்கும் தச்சாசிரியை பிரிகிட்டா அவர்களே, இழைப்புளி பிடித்த இளங்கைகளே, அந்தக் கைகளைப் பெற்ற தாய்மார்களே, காலிக் குவளையோடு காத்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சற்றுமுன் விழுந்து விழுந்து சிரித்தீர்களே, அந்தச் சிரிப்புக்குக் காரணமான ரோல்ஃப் நான்தான். மாணவியர் தச்சு முகாமின் நிறைவு நாளில், மகள் செய்த பெஞ்சில் தகப்பன் உட்கார வேண்டும். எல்லாரும் உட்கார்ந்த பிறகே காப்பி. மினசோட்டாவில் நம் ஊர் போட்ட சட்டம் அது. மற்ற அப்பாக்கள் அமர்ந்தார்கள். நானோ முட்டையிட இடம் பார்க்கும் வாத்துபோல் பாதி மடங்கி நின்றேன்.

"காப்பி ஆறுதுப்பா ரோல்ஃப்" என்றது பின்வரிசை.

ஆறிய காப்பியைச் சுடவைக்கலாம் ஐயா, ஒடிந்த இடுப்பை என்ன செய்வது?

மாரெட் வந்தாள். பதினைந்து வயது, காதில் பென்சில்.

"உக்காருப்பா."

"நாலு காலும் சமமாம்மா?"

"அளந்துதாம்பா அறுத்தேன்."

"பசை காஞ்சிருச்சா?"

"நேத்தே காஞ்சிருச்சு. இது நீ கட்டுன படி இல்லப்பா."

எந்தப் படி? என் வீட்டுப் பின்வாசலில் நான் கட்டிய படி. அளந்தேனா? அளந்தேன். எதனால்? கண்ணால். அதில் ஏறியவர் உண்டா? உண்டு. மீன் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு ஆர்விட். மீன் உள்ளே வந்தது, ஆர்விட் வரவில்லை. அதோ, கையைத் தூக்குகிறார். உட்காருங்கள் ஆர்விட், முழங்கால் பத்திரம்.

"பெஞ்சு தாங்கிச்சுன்னா அந்தப் படிய இடிச்சிட்டு நான் கட்டுவேன். சரியா?" என்றாள் மாரெட்.

"சரின்னு சொல்லு ரோல்ஃப்" என்றாள் என் மனைவி இங்கா. "நானும் எத்தன நாளைக்குத்தான் முன்வாசல் வழியாவே சுத்திக்கிட்டு வர்றது?"

உட்கார்ந்தேன். ஒரு கிறீச். ஊரே மூச்சடக்கியது. பேசியது பெஞ்சா? இல்லை அன்பர்களே, என் முழங்கால்.

ஆணிக்கு ஆண்தான் துணை என்றிருந்தேன். என் ஆணி வளைந்தது, அவள் ஆணி நிமிர்ந்தது. அளக்கும் கை அறுக்கட்டும். அறுக்கும் கை அடிக்கட்டும். அடிக்கும் கை நாளை இந்த ஊருக்கே கூரை போடட்டும். தகப்பன்மாரே, நமக்கு மிஞ்சியிருக்கும் வேலை ஒன்றுதான்: உட்கார வேண்டும்.

இன்று மாலை என் சுத்தியல் மாரெட் கைக்குப் போகிறது. பொறுத்த உங்களுக்கு நன்றி, பொறுத்த பெஞ்சுக்கும் நன்றி. காப்பி ஊற்றலாம். வணக்கம்.

கை தட்டினார்கள். இறங்கிப்போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். மேடையில் இடுப்புக்குப் பயந்தவனாகவே பேசிவிட்டேன். பெஞ்சு உடைந்திருந்தால், இத்தனை பேர் நடுவில் மாரெட்டின் முகத்தை எப்படிப் பார்த்திருப்பேன் என்று பயந்ததை மட்டும் சொல்லவில்லை.