வேண்டாம் பட்டன்

காபியில சக்கரை கம்மியா இருந்தா சொல்லிடுங்கோ, ராஜரத்தினம் சார். சங்கோஜப்பட்டுண்டு அப்படியே குடிச்சு வைக்காதேங்கோ. எங்காத்துல யாரும் சக்கரை சேத்துக்கறதில்லை, எனக்குக் கை அளவே மறந்து போச்சு.

விசாரணைன்னு ஃபோன்ல சொன்னேளேன்னு நாலு பேருக்கு டம்ளர் எடுத்து வச்சேன். நீங்க ஒருத்தரா வந்ததும் நல்லதுதான். சாய்க்குப் புது மனுஷா கும்பலா வந்தா ஆகாது. அதோ, பால்கனி கதவுகிட்ட உக்காந்திண்டிருக்கானே, அவன்தான் சாய்சரண், என் பிள்ளை. இருபத்து மூணு முடிஞ்சுடுத்து. ஆட்டிசம். பொறந்ததுலேர்ந்து வாயால ஒரு வார்த்தை பேசினதில்லை.

நான் எதையும் மறைக்கப் போறதில்லை. ஷண்முகப்ரியா உங்க மாற்றுத்திறனாளிகள் ஆணையர் ஆஃபீஸ்ல குடுத்த புகார் வரிக்கு வரி நிஜம். ஏழு வருஷமா அவனுக்குப் பேச்சுப் பயிற்சி குடுக்கற டீச்சர் அவ. தி.நகர்ல பாத்திரக்கடை வச்சிருக்கறவா வீட்டுப் பொண்ணு, பொய் சொல்லத் தெரியாது. நான் ஏன் பண்ணினேங்கறது அவளுக்குத் தெரியாது, அதனால எழுதலை. அதை நான் சொல்றேன், எழுதிக்கோங்கோ.

அவனுக்கு வேண்டாம்னு சொல்லக் கத்துக் குடுத்ததே நான்தான் சார். மேஜைமேல இருக்கே, அந்த டேப்லெட்தான் அவனோட வாய். கட்டம் கட்டமாப் படம் இருக்கும். தோசைப் படத்தைத் தொட்டா தோசைன்னு சத்தமாச் சொல்லும். கீழே இடது மூலையில ஒரு சிவப்புக் கை. அதைத் தொட்டா, வேண்டாம். அந்த ஒரு வார்த்தைக்குப் பதினாலு மாசம் ஆச்சு. தினம் ஒரு துண்டு பாகற்காயை அவன் வாய்கிட்ட கொண்டுபோவேன். கத்துவான், தள்ளுவான். விரலைப் பிடிச்சு சிவப்புக் கை மேல வைப்பேன், பாகற்காயை எடுத்துடுவேன். ஒரு நாள் அவனே தொட்டான். நான் அழுத அழுகையில மேல் போர்ஷன் மாமி, யாருக்கோ என்னமோ ஆயிடுத்துன்னு ஓடி வந்துட்டா.

ஷண்முகப்ரியா அப்பவே ஒண்ணு சொன்னா. "மேடம், எந்தப் பட்டனையும் இடம் மாத்திடாதீங்க. நாம டைப் அடிக்கிறப்ப எழுத்தைத் தேடுறமா, விரலுக்கே தெரியுதில்ல? இவனுக்கும் அப்படித்தான்." நான் சொல்பேச்சு கேக்கறவ சார். இன்னிக்கு வரைக்கும் ஒரு பட்டனைக்கூட இடம் மாத்தினதில்லை.

எங்க பெற்றோர் சங்கத்தைப் பத்தி உங்களுக்கே தெரியும். பதினோரு வருஷமா நான்தான் தலைவி. புது மாற்றுத்திறனாளிகள் கொள்கைக்கு வரைவு எழுதின குழுவுல என்னையும் போட்டிருந்தா. "பேச இயலாத ஒவ்வொருவரின் கருவியிலும் மறுப்புச் சொல் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும், அதை எவரும் நீக்கலாகாது." அந்த வாக்கியம் என்னோடது. நான் வாசிச்சு முடிச்சதும் எழுந்து நின்னு கைதட்டினா. கைதட்டினவாள்ல நீங்களும் இருந்தேள்னு ஞாபகம்.

அதே வாரம்தான் அவனைப் பத்து நாள் அடையாறுக்கு அனுப்பிச்சேன். அங்கே ஒரு வீடு. இவனை மாதிரி நாலு பசங்க, உதவிக்கு ரெண்டு பேர். எனக்கப்புறம் இவன் எங்கே இருப்பான்னு ஷண்முகப்ரியாதான் நச்சரிச்சுண்டே இருந்தா. சரி, போய் ரெண்டு நாள்ல அழுதுண்டு வந்துடுவான்னு நினைச்சேன். அழலை சார். ஒரு சுத்து சதை போட்டுண்டு வந்தான். வந்த அன்னிக்கு அவன் போர்வையை அவனே மடிச்சு வச்சான். எங்கிட்ட இத்தனை வருஷத்துல ஒரு கைக்குட்டை மடிச்சதில்லை.

அப்புறம் டேப்லெட்டை எடுத்துண்டு வந்து என் மடியில வச்சான். அந்த வீட்டு ஃபோட்டோவைத் தொட்டான். வேணும். என் ஃபோட்டோவைத் தொட்டான். சிவப்புக் கை. அம்மா, வேண்டாம். மூணு தரம் சொன்னான், நான் கேக்கலையோன்னு.

எனக்கு வந்தது கோபம்தான், ஒத்துக்கறேன். பாங்க் உத்யோகத்தை விட்டேன், இவனால கல்யாணம் கார்த்தின்னு ஒரு எடத்துக்குப் போனதில்லை. இவன் அப்பா போய் ஆறு வருஷமாச்சு, தனியாத்தான் இழுத்துண்டு வரேன். கடைசியில நான் வேண்டாமாம். அப்புறம் சங்கத்துல என்ன பேசிப்பா சொல்லுங்கோ? நீரஜா ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றா, அவ பிள்ளையே அவகிட்ட இருக்க மாட்டேங்கறான்னு சிரிக்க மாட்டாளா?

பட்டனை அழிச்சிருக்கலாம். அது பாவம்னு தோணித்து. நான் எழுதின வாக்கியத்துக்கே விரோதம் இல்லையா? அதே மூலை, அதே சிவப்புக் கை. பேசற வார்த்தையை மட்டும் மாத்தினேன். "சரிம்மா". ரெண்டு நிமிஷம்கூட ஆகலை.

மறுநாள் காலம்பற காலர் வச்ச சட்டையைக் காட்டினேன், அவனுக்குப் பிடிக்காது. மூலையைத் தொட்டான். சரிம்மான்னுது. டேப்லெட்டையே பாத்தான். திரும்பத் தொட்டான். சரிம்மா. திருப்பிப் பிடிச்சுண்டு பின்பக்கம் பாத்தான். பனியனால கண்ணாடியைத் துடைச்சுட்டு இன்னொரு தரம் மெள்ளத் தொட்டான். நான் சட்டையைப் போட்டு விட்டேன். அவனே சரின்னுட்டான், எனக்கென்ன.

அப்புறம் ஆத்துல எல்லாம் நிம்மதியாப் போச்சு. முடி வெட்டிக்கறியாடான்னா சரி. மீட்டிங்குக்கு வரியான்னா சரி. பங்குனியில அறுபத்துமூவர் உற்சவத்துக்கு மயிலாப்பூர் மாட வீதிக்கு அழைச்சுண்டு போனேன். மேளச் சத்தமும் கூட்டமும் அவனுக்கு ஆகவே ஆகாது, அதுவரைக்கும் அழைச்சுண்டு போனதில்லை. ஆனா இந்த வருஷம் கேட்டேன், சரிம்மான்னான். கபாலி வந்து தாண்டிப் போறவரைக்கும் ஒரு கையால காதைப் பொத்திண்டு, இன்னொரு கையால அந்த மூலையைக் குத்திண்டே இருந்தான். சத்தத்துல யாருக்குக் கேக்கும். ஆத்துக்கு வந்து பாத்தா நுனி விரல்ல தோல் பேந்து ரத்தம். நான்தான் மஞ்சள் வச்சுக் கட்டினேன்.

கையைக் கடிச்சுக்க ஆரம்பிச்சான். டாக்டர் தங்கமான மனுஷர், எங்கிட்ட பேசாம அவன்கிட்டயே கேட்டார், "மாத்திரையைக் கொஞ்சம் கூட்டட்டுமாப்பா?" சரிம்மா. இப்படிப் பேஷன்டைக் கேட்டுச் செய்யறதுதான் முறைன்னு நான் மேடையில சொல்லுவேன் இல்லையா, அவர் அதை நன்னாக் கேட்டிருக்கார்.

ஆனியில கார்டியன் கமிட்டி, இவனை மாதிரிப் பசங்க மேஜரானப்புறம் யார் பொறுப்புன்னு தீர்மானிக்கற குழு. அடையாறு வீட்டுலயா, எங்காத்துலயா, அவன் எங்கே இருக்கணும்னு அவாதான் முடிவு பண்ணணும். ஷண்முகப்ரியாவுக்கு நான் தேதி சொல்லலை. அஞ்சு பேர் வரிசையா உக்காந்திருந்தா. அவா பக்கம் டேப்லெட்டோட முதுகுதான் தெரியும், குரல்தான் கேக்கும். தலைவி அம்மா கனிவாக் கேட்டா, "தம்பி, அம்மா கூடவே இருக்கியா?" அவன் என்னைப் பாத்தான். அப்புறம் மூலையைத் தொட்டான், விடாம. சரிம்மா, சரிம்மா, சரிம்மா. ஒரு மெம்பர் கண்ணைத் துடைச்சுண்டு, "என்ன பாசம் பாருங்க"ன்னா. அங்கேயே கையெழுத்துப் போட்டுட்டா. நானும் அழுதேன். அது வேஷம் இல்லை சார், அதையும் எழுதிக்கோங்கோ.

போன மாசம் ஷண்முகப்ரியா சொல்லாம கொள்ளாம வந்தா. அவன் தோசைக்குக்கூட டேப்லெட்டைத் தொடறதை விட்டிருந்தான், நான்தான் அத்தனை மாசமும் அவ பயிற்சிக்கு வரேன்னப்பல்லாம் ஜுரம், ஊருக்குப் போறோம்னு சொல்லித் தள்ளிண்டிருந்தேன். பக்கத்துல உக்காந்து அவளே சிவப்புக் கையைத் தொட்டுக் காட்டினா, அவனை உற்சாகப்படுத்தறாப்பல. சரிம்மான்னுது. அவ என்னை நிமிர்ந்து பாத்தா. "மேடம், என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" அவ கத்தலை. அங்கேயே உக்காந்து பழையபடி மாத்திட்டுத்தான் போனா.

ஆமாம், நான்தான் பண்ணினேன். ஏழு மாசம், தெரிஞ்சே பண்ணினேன். அவன் வேண்டாம்னது அத்தனையும் எனக்குத் தெரியும், அத்தனைக்கும் நான் சரின்னு வச்சுண்டேன். போதுமா? எங்கே கையெழுத்துப் போடணும்னு காட்டுங்கோ.

அந்த அடையாறு வீட்டுக்கு அவனை மாத்தணும்னு புகார்ல கடைசியில எழுதியிருக்காளே, அதுக்கு மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். பட்டன் சரியாகி மூணு வாரமாச்சு. டேப்லெட்டை முழு சார்ஜ்ல, கைக்கெட்டற தூரத்துல வச்சிருக்கேன். தினம் காலம்பற அவன் முன்னாடி உக்காந்து கேக்கறேன், "கண்ணா, அம்மாகிட்டயே இருக்கியாடா?" இஷ்டமில்லைன்னா அந்த மூலையைத் தொட எத்தனை நாழியாகும்? தொடலையே சார். ஒரு நாள்கூட வேண்டாம்னு சொல்லலையே.