அக்ராவுக்குப் போன பட்டியல்

அசாரே: சிரிச்சு முடிச்சாச்சா? சோளக் கெங்கே உருண்டை ஆறிப்போச்சு.

எசினம்: ஆறினா என்ன... மீன் சூடாத்தானே இருக்கு.

அசாரே: போன்ல யாரு?

எசினம்: தெரியாத மாதிரி! அக்ரா சம்பள ஆபீஸ் நார்ட்டேதான்.

அசாரே: இந்த வாரத்துல நாலாவது தடவை.

எசினம்: எண்ணிக்கிட்டு வேற இருக்கீங்களா?

அசாரே: பதினாலு வருஷம் கோர்ட்டுச் சம்பளப் பட்டியல் போட்டவன். எண்ணாம இருப்பேனா?

எசினம்: அதான் அந்த வேலை அக்ராவுக்குப் போயிடுச்சே...

அசாரே: போகலை. தலைநகரத்துல இருக்கறவங்க பிடுங்கிட்டாங்க! வாத்தியாருக்கும் நர்ஸுக்கும் ஒரே இடத்துலேருந்து சம்பளம் போடட்டும். ஜட்ஜுக்கும் போடலாமா? அரசாங்கத்துக்கு எதிராத் தீர்ப்பு எழுதறவரு, மாசக் கடைசியில அரசாங்கத்துக்கிட்டயே...

எசினம்: ...கை நீட்டணுமா? அந்த வேலையைக் கோர்ட்டுக்கே திருப்பிக் குடுங்கன்னு நீங்க எழுதின மனுவை டைப் அடிச்சதே நான்தான். மனப்பாடம்.

அசாரே: அப்போ அவன்கூட எதுக்கு இளிக்கறே?

எசினம்: மூணு மாசமா எனக்கு மட்டும் சம்பளம் வரலை. அதைக் கேக்க வேண்டாமா?

அசாரே: சம்பளம் வராதவ சிரிப்பாளா?

எசினம்: அவரு ஜோக்கடிச்சாரு.

அசாரே: "அவரு"! பயிற்சி வகுப்புல நாற்காலியை இழுத்துப் போட்டு உன் பக்கத்துலயே உக்காந்தானே, அப்பவே பாத்தேன்.

எசினம்: கம்ப்யூட்டர் சொல்லிக்குடுக்க வந்தவரு வேற எங்க உக்காருவாரு?

அசாரே: எனக்கு ஏன் சொல்லிக்குடுக்கலை?

எசினம்: நீங்கதான் கையைக் கட்டிக்கிட்டு சுவரைப் பாத்து உக்காந்திருந்தீங்களே!

அசாரே: சிரிக்காதே. வியாழக்கிழமை அக்ராவுக்கு வரச் சொன்னானாமே?

எசினம்: என் போனை நோண்டினீங்களா?

அசாரே: கண்ணுல பட்டுச்சு. நீ போகக் கூடாது.

எசினம்: போகாட்டி என் சம்பளம்?

அசாரே: அடுத்த மாசம் வந்துடும்.

எசினம்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

அசாரே: சும்மா... ஒரு யூகம்தான்.

எசினம்: சரி, இன்னொண்ணு. என் கதையையும் மனுவுல சேக்கணும்னு ரெஜிஸ்ட்ரார் அம்மா சொன்னாங்க. கோர்ட்டு ஆளுங்க சம்பளம் அடுத்தவன் கையில இருந்தா என்ன ஆகும்ங்கறதுக்கு நான்தான் உதாரணமாம். இன்னிக்குக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க.

அசாரே: போட்டுட்டியா?

எசினம்: இன்னும் இல்லை. ஏன் பதறறீங்க?

அசாரே: வேண்டாம்... உன் பேரு அதுல வரவே வேண்டாம்.

எசினம்: நல்ல உதாரணமாச்சே! "பிடிக்காதவங்க சம்பளத்துல யாரு கை வெச்சாலும் அநியாயம்"னு ஒரு வரி இருக்கே. யாரு எழுதினது?

அசாரே: நான்தான்...

எசினம்: அதுக்குக் கீழ சேத்துடலாம்.

அசாரே: எசினம்...

எசினம்: என்ன, கண்ணு கலங்குது? மிளகாய்க் கையால தொட்டுட்டீங்களா?

அசாரே: உன் பேரை விட்டது அக்ராக்காரன் இல்லை. நான்.

எசினம்: ஏன்?

அசாரே: அக்ராவுக்கு அனுப்பின கடைசிப் பட்டியல்ல உன் போன் நம்பரு, வீட்டு விலாசம் எல்லாம் இருந்துச்சு. அவன் கைக்கு அது போகப் போகுதுன்னு நினைச்சேன்... நெஞ்சு எரிஞ்சுது. உன் வரியையே எடுத்துட்டேன். அதனாலயே நீ அவனுக்குப் போன் பண்ணுவேன்னு தோணலை. ஏதாச்சும் சொல்லு. திட்டேன்!

எசினம்: சம்பளம் வரலைன்னு கேட்ட முதல் நாளே எனக்குத் தெரியும். உங்க கையெழுத்தோட அந்தப் பட்டியலை நார்ட்டே எனக்கு அனுப்பிட்டாரு. மேலதிகாரிக்கு எழுதப்போறேன்னாரு. எழுதியிருந்தா உங்க வேலை போயிருக்கும். அவரோட மொக்கை ஜோக்குக்கெல்லாம் மூணு மாசமா நான் சிரிச்சது, எழுதாதீங்கன்னு கெஞ்சறதுக்குத்தான். வியாழக்கிழமை போறதும் அதுக்குத்தான்... பட்டியலை டைப் அடிக்கும்போது என் பேரு இருந்த வரியை நான்தான் விட்டுட்டேன்னு எழுதிக்குடுக்க.