அண்ணன் கொடுத்த விறகு

பச்சையாக இருக்கும்போது பிளப்பதுதான் சுலபம் சார். காயட்டும் என்று போட்டுவைத்தால் கட்டை இறுகிவிடும், கோடாலியைக் கவ்விக்கொண்டு விடாது. அதனால்தான் காற்றில் சாய்ந்த அந்த மரத்தைக் கையோடு முடித்துவிடலாம் என்று இறங்கினேன்.

எங்கள் கொல்லையில் நின்ற மரம். வேரோடு பெயர்ந்து வேலிமேல் கிடந்தது. வீட்டின் முன்பக்கம் அண்ணன் குடும்பம், பின்பக்கம் நாங்கள். அண்ணனைத் தாராள மனசுக்காரர் என்று தெருவே சொல்லும். நீங்களும் விசாரித்திருப்பீர்கள். கொடுப்பது அவர், பிளப்பது நான். மரம் விழுந்த அன்றே பேக்கரிக்காரர், தையல்காரம்மா, எதிர்வீட்டு வாத்தியார் என்று எல்லாருக்கும் விறகு தருவதாகச் சொல்லிவிட்டார். கிளைகளைக் கழித்து, அறுத்து, பிளந்து, அவரவர் வாசலில் நானே அடுக்கினேன். "உங்கண்ணனுக்குப் பெரிய மனசுப்பா" என்று என்னிடமே சொன்னார்கள். ஆமாம் என்றேன். எனக்கு முதுகு விட்டுப்போயிருந்தது.

கடைசியில் அடிமரம் மட்டும் மிச்சம். அதையாவது நம் அடுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று என் மனைவி சொல்லியிருந்தாள். அன்று காலை அண்ணன் வந்தார்.

"தம்பி, இதையும் சொல்லிட்டேன்டா. ஓட்டல்காரர் கேட்டாரு, முகத்தை முறிச்சுப் பேச முடியல."

"எங்களுக்குண்ணே?"

"நமக்கென்னடா, அடுத்த காத்துக்கு இன்னொரு மரம் விழாமலா போயிடும்?"

சிரித்தார். நானும் சிரித்தேன். கோபமெல்லாம் இல்லை சார். கோபப்படவும் தெம்பு வேண்டும்.

இந்த வேலை உங்களுக்குப் பழக்கமிருக்காது, சொல்கிறேன். வேரோடு சாய்ந்த மரத்தில் வேரும் மண்ணும் ஆள் உயரத்துக்குச் சுவர் மாதிரி எழுந்து நிற்கும். அதன் பின்னால் குழி. கீழே கிடக்கும் மரத்தின் கனம்தான் அந்தச் சுவரைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. அடியில் அறுத்துவிட்டால் சுவர் தன் குழிக்கே திரும்பிவிடும். அதனால் முதலில் முட்டுக் கொடுக்க வேண்டும். நானும் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துத்தான் வைத்திருந்தேன். அண்ணன் பேசிவிட்டுப் போனதும் அதை உருவிப் பிளந்தேன். நேரான கட்டை, இரண்டே போடில் பிளந்தது. ஓட்டல்காரர் பங்கில் போட்டேன்.

அண்ணன் ரம்பம் பிடித்தவர் இல்லை, அவருக்கு இதெல்லாம் தெரியாது. நான் வேலை செய்யும்போது எங்காவது உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பார். அன்று குழியில் உட்கார்ந்து டீ குடித்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம்டா?"

"முடியப்போகுதுண்ணே."

ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். கொடுத்திருக்கலாம். அசதி சார், வாயைத் திறக்கக்கூட முடியாத அசதி. கை மட்டும் ரம்பத்தை இழுத்துக்கொண்டே இருந்தது. மரம் விடுபட்டதும் வேர்ச்சுவர் ஒரே மூச்சில் போய்ப் படுத்துவிட்டது. குழி இருந்த இடமே தெரியவில்லை.

பிறகு மீதியைப் பிளந்தேன். பாதியில் விட்டால் இறுகிவிடும் என்று சொன்னேனே. எல்லாவற்றையும் என் மனைவியின் அடுப்படியில் அடுக்கினேன். அன்றைக்குத்தான் யாரும் என்னை எந்த வேலைக்கும் கூப்பிடவில்லை.

டீ ஃபிளாஸ்க் எப்படிக் குழிக்குள் வந்தது என்று கேட்டீர்கள். நான்தான் கொண்டுபோய் வைத்தேன். சாக்கு விரித்ததும் நான்தான். "இங்க வந்து உட்காருங்கண்ணே" என்று கூப்பிட்டேன். அங்கேதான் நிழல் இருந்தது. அண்ணனுக்கு வெயில் ஆகாது சார், அதையெல்லாம் நான்தான் பார்த்துக்கொள்வேன்.