மிளகளவு பேஸ்ட்

எனக்கு இரண்டு மணிக்கட்டுகளும் வலிக்கின்றன. செம்பாறையை அறுத்துக் கல்லெடுக்கிற வெட்டுக்கல் குழியில் பதினாறு வருடமாக இயந்திரம் பிடிக்கிறவனுக்கு வேறெப்படி இருக்கும்? வாள் பாறைக்குள் இறங்கும்போது வருகிற உதறல் முழங்கை வரை ஏறும். சாயங்காலம் குளித்த பிறகும் இறங்காது. சோறு பிசையும்போது விரல் நடுங்கும். ஆனாலும் லேப்டாப்பின் அடிமூடியில் இருக்கும் பத்துத் திருகுகளையும் இந்த விரல்களால்தான் கழற்றி மாட்டினேன். ஒன்றுகூட உருண்டு கட்டிலுக்கடியில் போனதில்லை.

லேப்டாப் என் மனைவி பிரஜினாவுடையது. தளிப்பறம்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருடமாக நர்ஸ். ஜெர்மனிக்கு வேலைக்குப் போக வேண்டும், அதற்கு அந்த ஊர் மொழி படிக்க வேண்டும் என்று பழைய லேப்டாப் ஒன்றை வாங்கினாள். எங்கள் வீட்டில் புழுதி அதிகம். கொண்டுவருகிறவன் நான்தான். குழியிலிருந்து நான் வந்தால் எனக்கு முன்னால் செம்மண் வீட்டுக்குள் நுழைந்துவிடும் என்பாள். ஆறே மாதத்தில் லேப்டாப் மிக்சி மாதிரி இரைய ஆரம்பித்தது. மடியில் வைத்தால் தொடை சுட்டது.

"ஏட்டா, இதுமேல தோசை ஊத்தலாம் போல" என்றாள்.

"ஊத்து. இந்த மெஷினாலயாவது எனக்கு ஒரு தோசை கிடைக்கட்டும்" என்றேன். அவள் படிப்பில் மூழ்கிய நாளிலிருந்து அடுப்பு என் பொறுப்பாகியிருந்தது. குறையாகச் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்ட் மாடியில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அஷ்கரிடம் கொண்டுபோனேன். அடிமூடியைத் திறந்தான். விசிறிக்குச் சிவப்புக் கம்பளி போர்த்தியது மாதிரி இருந்தது.

"ரிஜேஷேட்டா, இதுக்குள்ள இருக்கிற மண்ணுல ஒரு குளியலறை கட்டிடலாமே."

அரை மணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டேன். எங்கள் தொழிலும் அதுதானே. குழி இயந்திரத்தை மதியம் காற்றடித்து ஊதிவிடாவிட்டால் மூன்று மணிக்கு நின்றுவிடும். விசிறியை ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டுதான் காற்றடிக்க வேண்டும், சுற்ற விட்டால் கெட்டுப்போகும் என்றான். பிறகு ஒரு குழாயைக் காட்டினான். சிப்புக்கும் அதன் மேல் உட்காரும் செம்புத் தகட்டுக்கும் நடுவில் தடவுகிற பேஸ்ட். சூட்டைக் கடத்திவிடுவது அதுதான்.

"மிளகளவு போதும். பல்லு தேய்க்கிற மாதிரி பிதுக்காதீங்க."

"அது இல்லாட்டி?"

"சூடு வெளிய போகாது. மெஷின் தன்னைக் காப்பாத்திக்க அதுவா அணைஞ்சுடும்."

சும்மாதான் கேட்டேன். ஒரு குழாய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதன்பின் ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு திறந்து துடைத்தேன். அடியில் காற்றுப் போக இரண்டு சோடா மூடிகளை ஒட்டிப் பின்பக்கத்தை உயர்த்தினேன். கட்டிலில் வைக்காதே, மெத்தை அதன் மூச்சை அடைக்கும் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். மொழிப் பரீட்சையில் அவள் முதல் தடவை தோற்றபோது பழம்பொரி வாங்கி வந்தேன். இரண்டாவது தடவை தோற்றபோது சினிமாவுக்குக் கூட்டிப்போனேன். அவள் தோற்ற நாட்களில் என்னைப்போல் ஆறுதல் சொன்னவர் யாருமில்லை. மூன்றாவது தடவை தேறிவிட்டாள்.

ஜெர்மனி ஆஸ்பத்திரிக்காரர்கள் லேப்டாப் வழியாகவே பேசித் தேர்ந்தெடுப்பார்கள். போனில் வரக்கூடாது என்பது அவர்கள் விதி. "வயசு முப்பத்தெட்டு ஆச்சு பிரஜினா, இதை விட்டா அடுத்து உங்க பேரை அனுப்புறது கஷ்டம்" என்று வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரி முன்கூட்டியே சொல்லியிருந்தாள்.

குழியில் இது பேச்சானது. கூட வேலை செய்யும் பவித்ரன் தொடங்கினான். "உனக்கு அங்க என்னடா வேலை? அவ டூட்டிக்குப் போவா. நீ அவ சாக்ஸைத் துவைச்சுக் காயப்போடு."

"அந்த ஊர்ல வெயிலே கிடையாதாம்டா. இவன்தான் ஊதி ஊதிக் காயவைக்கணும்" என்றான் இன்னொருத்தன்.

நானும் சிரித்தேன். கேலியை மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான். அன்று சாயங்காலம் எல்லோரும் கைகால் கழுவிய பிறகும் இன்னொரு வரிசை கல் வெட்டினேன், அவ்வளவுதான். வேறொன்றும் இருக்கிறது. பிரஜினாவுக்குச் சளி பிடிக்கிற உடம்பு. மார்கழிப் பனிக்கே விடாமல் தும்முவாள். அந்தக் குளிரில் என்ன ஆவாள் என்று யாராவது யோசிக்க வேண்டுமல்லவா?

வியாழக்கிழமை மதியம் ஒன்றரைக்குப் பேச்சு. முந்தின நாள் சாயங்காலம் லேப்டாப்பை என்னிடம் நீட்டினாள்.

"ஏட்டா, நல்லாப் பாத்துடுங்க. நாளைக்கு இது என் காலை வாரிடக் கூடாது."

"நான் இருக்கிறப்ப என்ன பயம்?"

அந்த லேப்டாப் அவ்வளவு சுத்தமாக ஒருநாளும் இருந்ததில்லை. விசிறியின் ஒவ்வொரு இதழையும் பஞ்சுக்குச்சியால் துடைத்தேன். உள்ளே ஒரு துகள் மண்கூட நான் போடவில்லை. அப்படிப்பட்ட வேலையெல்லாம் எனக்கு வராது. பழைய பேஸ்டைச் செம்பு பளபளக்கும்வரை துடைத்தெடுத்தேன். பிறகு தகட்டை அப்படியே சிப்பின் மேல் வைத்தேன். தகட்டைப் பிடிக்கிற நான்கு திருகுகளில் இரண்டை மட்டும் அரைச்சுற்று தளர்வாக விட்டேன். அடிமூடியை மாட்டி, ஒரு பாட்டுப் படத்தை ஓடவிட்டுக் கடிகாரம் பார்த்தேன். பதினான்கு நிமிடத்தில் அணைந்தது. ஆறவிட்டு இன்னொரு முறை பார்த்தேன், பன்னிரண்டு. எனக்கு நிம்மதியாக இருந்தது. அதற்குள் பேர், படிப்பு, அனுபவம் எல்லாம் சொல்லிவிடலாம். அவ்வளவு கஷ்டப்பட்டுப் படித்தவள், கொஞ்சமாவது பேசட்டும்.

வியாழக்கிழமை லீவு போட்டேன். பால் விடாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக் கோழிகள் வந்து கத்தாமல் இருக்க வாசலில் உட்கார்ந்து விரட்டினேன். உள்ளே அவள் பேசுவது கேட்டது. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனால் அவள் எங்குமே தடுமாறவில்லை. ஒருமுறை சிரித்தாள். எதிர்ப்பக்கத்திலும் சிரித்தார்கள். விசிறி இரைய ஆரம்பித்தது. இரைச்சல் ஏறியது. பிறகு சத்தமே இல்லை.

"ஏட்டா" என்று கூப்பிட்டாள்.

மூன்று முறை திரும்பப் போட்டாள். ஒவ்வொரு முறையும் முன்னதைவிடச் சீக்கிரம் அணைந்தது. நான் முறத்தால் விசிறினேன். ஐந்து மணிக்கு ஏஜென்சிக்காரி போன் செய்து, அவர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டதாகச் சொன்னாள்.

பிரஜினா தரையில் உட்கார்ந்து அழுதாள். "என் தப்புதான் ஏட்டா. காலையில கட்டில்ல வச்சுப் படிச்சேன். நீங்க எத்தனை தடவ சொல்லியிருப்பீங்க."

"போகட்டும் விடு" என்றேன். அந்த இடத்திலேயே அவளை மன்னித்துவிட்டேன். கட்டிலைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தைகூட நான் குத்திப் பேசியதில்லை. அன்றைக்கு மத்திக் குழம்பும் நானே வைத்தேன்.

அடுத்த வாரம், லேப்டாப்பை நானே பார்க்கிறேன் என்றேன். அவள் கேட்கவில்லை, டூட்டிக்குப் போகிற வழியில் அஷ்கரிடம் கொடுத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து வாங்கி வந்தாள். எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"அஷ்கர் உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னான். அன்னைக்குப் பேஸ்ட் தீந்துபோச்சா, இல்ல மறந்துட்டீங்களான்னு."

"கொஞ்சம் குழம்பு ஊத்து" என்றேன்.

ஊற்றினாள். அதன்பின் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. லேப்டாப்பைத் தன் பையில் வைத்து ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோகிறாள். ஞாயிற்றுக்கிழமை அவளே திறந்து துடைக்கிறாள். என் மேல் உள்ள பிரியத்தால்தான் சுலபமான பதில்கள் இரண்டைத் தேர்ந்து என் முன்னால் வைத்தாள் என்று நினைக்கிறேன். இரண்டில் ஒன்றைச் சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

அவள் கேட்டுப் பதினேழு நாள் ஆகிறது. பேஸ்ட் தீரவில்லை. நான் மறக்கவும் இல்லை. இந்தப் பதில் ஒன்றுதான் பிரஜினாவுக்கு நான் வைத்திருக்கும் பாக்கி.