மாமா தேய்த்த கண்ணாடி

“ஹலோ... ஹலோ, நான் மாமா பேசறேம்மா... ஆமா, ஆமா, இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ இன்னும் ஆபீஸ்ல இருந்து கிளம்பலைல்ல?”

மருமகளுக்குத் தானாக ஃபோன் போட்டுப் பேசுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. ஆயுசில் பாதியைப் பாத்திரப் பட்டறையில் பாலிஷ் சக்கரத்தின் முன்னால் கழித்தவர். கையில் எது அகப்பட்டாலும் முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்தாக வேண்டும் அவருக்கு. நேற்று அகப்பட்டது மருமகளுடைய ஹெல்மெட் கண்ணாடி. பாலிஷ் மெழுகை வைத்துத் தேய்த்த தேய்ப்பில் கீறலெல்லாம் போன இடம் தெரியவில்லை. காலையில் அவள் அதைப் பார்த்துவிட்டு, புதுசு மாதிரி இருக்கிறதே என்று சொல்லிவிட்டாள். போதாதா? மனிதர் சாயங்காலம் மகனுடைய ஹெல்மெட்டையும் எடுத்துத் தேய்த்தார். மகன் வெளியூர் போயிருந்தான். தேய்த்ததை மாட்டிக்கொண்டு அழகு பார்க்க வாசலில் போய் நின்றபோது நன்றாக இருட்டத் தொடங்கியிருந்தது. ஒரு கார் விளக்கைப் போட்டுக்கொண்டு தெருவில் திரும்பியது. கண்ணாடி முழுக்கப் பாலைக் கொட்டின மாதிரி வெளுத்துப் போயிற்று. காரையும் காணோம், தெருவையும் காணோம். ஹெல்மெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்து ஃபோனை எடுத்தார்.

“ஒண்ணுமில்ல... சும்மாத்தான்... அந்த ஹெல்மெட்டை இன்னிக்கு மாட்டிக்க வேணாம்னு சொல்லலாம்னு... காரணமா? அது வந்து... அங்க என்னம்மா இவ்ளோ காத்து சத்தம்? ஆபீஸ் ஃபேனா?... பின்ன?... வண்டியிலயா? வண்டி ஓட்டிக்கிட்டா பேசற?... ஃபோனை எங்க வச்சிருக்க?... ஹெல்மெட்டுக்குள்ள சொருகியா...”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இப்ப எங்க இருக்க?... பாலத்துலயா...”

அந்தப் பாலத்தில் ஒதுங்கி நிற்க ஓரமும் கிடையாது, நடுவில் தடுப்பும் கிடையாது. எதிரே வருகிற லாரியெல்லாம் முகத்துக்கு நேராகத்தான் வரும்.

“வச்சிடும்மா, நான் வச்சிடறேன், நீ ரோட்டைப் பாரு... என்ன?... வைக்கக் கூடாதா? ஏன்?... பயமா இருக்கா?... சரி, சரி, வைக்கல. இங்கதான் இருக்கேன்.”

அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் வாயில் பயம் என்ற சொல்லை அவர் கேட்டதில்லை. கேஸ் சிலிண்டர்காரனிலிருந்து கட்டின புருஷன்வரை எல்லோரும் அவளுக்குத்தான் பயப்படுவார்கள். அவரும்தான்.

“வெளிச்சம் வந்தா ஒண்ணுமே தெரியலையா... வெள்ளையா... ஆமா, ஆமா, எனக்குத் தெரியும்... எப்படித் தெரியும்னா... இல்லம்மா, கண்ணுல கோளாறெல்லாம் இல்ல. உன் கண்ணு நல்லாத்தான் இருக்கு. நான்தான். நான் போட்ட பாலிஷ்தான். எவர்சில்வருக்குப் போடறதைக் கொண்டுபோய் பிளாஸ்டிக்குக்குப் போட்டுட்டேன்... கண்ணுக்கே தெரியாம பொடிப்பொடியா கீறி வச்சிருக்கு, பகல்ல பார்த்தா ஒண்ணும் தெரியல... திட்டு, வீட்டுக்கு வந்து எவ்ளோ வேணா திட்டு. இப்ப வேகத்தைக் குறை... பின்னாலயும் லாரியா?... ஹார்ன் அடிச்சா அடிக்கட்டும். அவன் அவசரத்துக்கு நீ ஓடாத... கண்ணாடியைத் தூக்கிவிடு... ஏன் முடியாது?... ஃபோனா?... கண்ணாடி மூடியிருக்கறதாலதான் நிக்குதா... விழுந்தா விழட்டும்மா. புதுசா இருந்தா என்ன, விழட்டும்.”

சொல்லிவிட்டாரே தவிர, ஃபோன் விழுந்தால் குரலும் போய்விடும். குரல் கேட்கிறவரை அவள் இருக்கிறாள். அதுவும் நின்றுபோனால் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு யாரைப் போய்க் கேட்பது? இந்தப் பெண்ணைத் தனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. தெரிந்து என்ன பிரயோஜனம், கண்ணாடியைத் தேய்த்ததும் அவர்தானே.

“இல்லம்மா, எனக்கு மட்டும் வைக்கணும்னு ஆசையா?... நான் சொல்றதைக் கேளு. வலது கையை எடுக்காத. இடது கையால தூக்கு... எதிர்ல எதாவது வருதா?... வருதா... பெருசா?... தூக்கு. இப்பவே தூக்கு. ஃபோனைப் பிடிக்காத, மாமா சொல்றேன்ல, அது போகட்டும்... தூக்கிட்டியா?... ரோடு தெரியுதா?... என்னம்மா, ரோடு தெரியுதா?...”

சடசடவென்று ஏதோ உருண்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

“ஹலோ... ‘தெரி’ன்னியேம்மா... தெரியுதுன்னு சொல்ல வந்தியா... தெரியலன்னு சொல்ல வந்தியா... ஹலோ...”