நீல பல்பு எரிந்த நேரம்

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் எல்லாவற்றையும் முதல் தாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். வயது அறுபத்தொன்று. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். தெருவில் என் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது, ரெக்கார்டுக்காரர் வீடு எது என்று கேட்டால் கைகாட்டுவார்கள். மனைவி காலமாகிவிட்டார். கீழ் வீட்டில் நானும், மாடியில் மகனும் மருமகளும் இருக்கிறோம். இறந்துபோனவர் என் மருமகளைப் பெற்ற தகப்பனார், அதாவது என் சம்பந்தி. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு தெரு தள்ளித் தன் மகனோடு இருந்தார். என்னை யாரும் இழுத்து வரவில்லை, நானாகவே நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன். நேற்று நடந்தது இன்னும் எனக்கு நம்பும்படியாக இல்லை, ஆகையால் முன்னே பின்னே சொன்னால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என்னிடம் கிராமபோன் ரெக்கார்டுகள் இருக்கின்றன. எத்தனை என்று அதிகாரி கேட்டார். எண்ணியதில்லை, ஒரு சுவர் முழுக்க என்று சொன்னேன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து சேர்த்தவை. எல்லாம் நிற்க வைத்துத்தான் இருக்கும், ஒன்றன்மேல் ஒன்று படுக்க வைத்தால் கீழே இருப்பது வளைந்துபோகும். உறைக்குமேல் பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறேன். கையைக் கழுவித் துடைத்த பிறகுதான் எடுப்பேன், ஓரத்தை மட்டும்தான் பிடிப்பேன், கோடுகள்மேல் விரல் படவிட மாட்டேன். என் மகன் சின்னப் பையனாக இருந்தபோது அவனைத் தூக்கியதைவிட இவற்றைப் பத்திரமாகத் தூக்கினேன் என்று என் மனைவி சொல்லிச் சிரிப்பாள். அப்போது அது எனக்குப் பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் நான்கு பேர் என் அறையில் கூடுவோம். நான், என் சம்பந்தி, எங்கள் பகுதித் தபால்காரர், கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாள். ஒவ்வொரு வாரமும் ஒருவர் முறை, அவர் தேர்ந்தெடுக்கும் ரெக்கார்டை முதல் பக்கம், இரண்டாம் பக்கம் என்று முழுதாகக் கேட்போம். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு விளக்கை அணைத்துவிடுவோம். முள்ளைத் தட்டில் வைத்தது முதல் இரண்டாம் பக்கம் முடியும் வரை யாரும் பேசக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது, கூடவே பாடக் கூடாது, தாளம் போடக் கூடாது. பக்கம் திருப்ப நான் மட்டும் எழுந்திருப்பேன். இது என் வீட்டுச் சட்டம். கோயிலில்கூட இவ்வளவு கெடுபிடி இல்லை என்று தபால்காரர் கிண்டல் செய்வார், ஆனாலும் அடங்கி உட்காருவார்.

மருமகள் வந்த புதிதில் ஒருநாள், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கதவைத் திறந்து, "மாமா, உங்களுக்கு போன்" என்று கூப்பிட்டுவிட்டாள். நான் அவளைத் திட்டவில்லை. அடுத்த நாள் அறைக் கதவுக்கு மேலே வெளிப்பக்கமாக ஜீரோ வாட்ஸ் நீல பல்பு ஒன்றைப் பொருத்தி, அது எரிந்தால் வீடு தீப்பிடித்தாலும் கதவைத் தட்டக் கூடாது என்று சொன்னேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பல்பு எரிந்தால் மாடியில் மிக்சிகூடப் போட மாட்டாள்.

என் சம்பந்திக்கும் பாட்டுக்கும் முதலில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கல்யாணமான புதிதில் எங்கள் இருவருக்கும் பேச ஒன்றுமே கிடையாது. நான் வெயிலைப் பற்றிச் சொல்வேன், அவர் டயரைப் பற்றிச் சொல்வார், பிறகு இரண்டு பேரும் சுவரைப் பார்ப்போம். அந்தச் சங்கடத்துக்குப் பயந்துதான் அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை அறைக்குள் உட்கார வைத்தேன். காலமெல்லாம் என்ஜின் சத்தத்தில் மரத்த காது, இதில் என்ன ஏறப்போகிறது என்று நினைத்தேன். அவர் அன்றைக்கு முடிந்ததும் எழுந்திருக்கவே இல்லை. "இன்னொரு தடவை போடுவீங்களா சம்பந்தி?" என்று கேட்டார். அதன் பிறகு ஒரு ஞாயிறும் தவறியதில்லை, சுத்தமாகச் சவரம் செய்துகொண்டு, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வருவார். எனக்கு அவரை அவ்வளவு பிடித்துப்போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. பாட்டு சூடுபிடித்தால் நாற்காலிக் கைப்பிடியில் விரலால் தட்டுவார். இரண்டொரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு எல்லோர் முன்னாலும், "சம்பந்தி, நாம கேக்கத்தானே வந்திருக்கோம், வாசிக்க இல்லையே" என்று சொல்லிவிட்டேன். டீச்சரும் தபால்காரரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அதிலிருந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காருவார்.

நேற்று அவருடைய முறை. பழைய சாமான் கடையில் அவரே கண்டெடுத்த ரெக்கார்டு, குழல் மட்டும் தனியாக வாசித்தது. அதை உறையோடு சட்டைக்குள் வைத்து மூடி, கைக்குழந்தையைக் கொண்டுவருவதுபோலக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். நான் கழுவி, துடைத்து, அலமாரியில் அவருக்கென்று ஒரு இடம் ஒதுக்கி வைத்திருந்தேன். மதியம் மாடியில் மகள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். நெஞ்சு கரிக்கிறது என்று சொல்லிப் பாதியில் கையைக் கழுவிவிட்டாராம். "அப்பா, இன்னைக்குப் போகாம படுத்துக்குங்க" என்று அவள் சொன்னதற்கு, "இன்னைக்கு என் முறைம்மா, அவங்க எனக்காகக் காத்திருப்பாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்திருக்கிறார். இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அறைக்குள் வரும்போது நெற்றி வேர்த்திருந்தது. மாடிப்படி இறங்கியதால் என்று நினைத்தேன். இறங்குவதற்கு ஏன் வேர்க்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அதன் பிறகு விளக்கை அணைத்தேன், வெளியே நீல பல்பைப் போட்டேன், முள்ளை வைத்தேன். ரெக்கார்டு ஓடும் பெட்டிக்குப் பக்கத்தில் என் நாற்காலி, அதை ஒட்டி அவர் நாற்காலி, எங்களுக்குப் பின்னால் சோபாவில் டீச்சரும் தபால்காரரும். முதல் பக்கத்தில் பாதி போயிருக்கும். அவர் மூச்சு பெரிதாகக் கேட்டது. சாப்பிட்ட மயக்கத்தில் கண் அசருகிறார் என்று நினைத்தேன், கொஞ்சம் எரிச்சலும் பட்டேன். அதன் பிறகு கைப்பிடியில் தட்டுகிற சத்தம் கேட்டது, கொஞ்ச நேரத்தில் அது நின்றுவிட்டது. முதல் பக்கம் முடிந்ததும் பெட்டியின் சின்ன விளக்கைப் போட்டுக்கொண்டு எழுந்தேன். அவர் கால்கள் நீட்டியபடி இருந்தன, ஒரு செருப்பு கழன்று கிடந்தது. தட்டை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பிடித்துத் திருப்பி வைத்தேன். அதன்மேல் ஒரு தூசி இருந்தது, பிரஷ்ஷால் எடுத்தேன். என் இடத்துக்குத் திரும்பும்போது அவர் காலைத் தாண்டிக்கொண்டு வந்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தூசியைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு இரண்டாம் பக்கமும் முழுவதும் ஓடியது. நன்றாக இருந்தது. அதையும் சொல்லித்தானே ஆக வேண்டும், அவ்வளவு நன்றாக இருந்தது. முடிந்ததும் விளக்கைப் போட்டேன், எப்போதும் முதலில் பேசுகிறவர் அவர்தான், அவர் பேசவில்லை. "என்ன டிரைவர் சார், வண்டி கிளம்பலையா?" என்று தபால்காரர் வந்து தோளைத் தொட்டார். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டீச்சர் "ஐயோ" என்றார். முள் கடைசிக் கோட்டில் சுற்றிக்கொண்டு டக் டக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது, அதை நிறுத்த வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

தபால்காரர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். கதவுக்கு நேரே மாடிப்படியில் என் மருமகள் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் டம்ளரில் தண்ணீர், இன்னொரு கையில் அவள் அப்பாவின் மாத்திரை அட்டை. அவர் அதைச் சாப்பாட்டு மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். முதல் பக்கம் ஆரம்பித்தவுடனேயே கொண்டுவந்துவிட்டாளாம். பல்பு எரிந்ததால் படியில் உட்கார்ந்துகொண்டாளாம். கதவின் அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் அவருமாக இருந்திருக்கிறார்கள், நடுவில் என் பல்பு.

அதன் பிறகு நாங்கள் மூவரும் அவரைத் தூக்கி, தெருமுனையிலிருந்து ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வரும்போதே உயிர் இல்லை என்று டாக்டர் சொன்னார். முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் என்று நான் கேட்டேன். "பார்த்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அவருடைய மகன் வந்து என் சட்டையைப் பிடித்து, "மூணு பேர் கூட உக்காந்திருந்தீங்களே, ஒருத்தருக்குமா தெரியல?" என்று கேட்டார். பிறகு தன் தங்கையைப் பார்த்து, "மாத்திரையைக் கையில வெச்சுக்கிட்டு நீ எதுக்குடி கதவைத் தட்டல?" என்று கேட்டார். அதிலிருந்து அவள் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "பல்பு எரிஞ்சுது மாமா. அதான் தட்டல." அண்ணன் கேட்டதற்கு என்னிடம் பதில் சொல்கிறாள்.

இன்று காலை அதிகாரி வீட்டுக்கு வந்து அறையைப் பார்வையிட்டார். உடன் வந்த காவலர் பெட்டியில் இருந்த ரெக்கார்டைச் சாட்சிப் பொருளாக எடுத்தார், கட்டைவிரலைக் கோடுகள்மேல் அழுத்தி எடுத்தார். "ஓரத்தைப் பிடிங்க சார்" என்று என் வாயில் வந்துவிட்டது. என் மருமகள் வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். அழுத கண்ணோடு அவள் பார்த்த பார்வையை எழுத முடியுமானால் எழுதிக்கொள்ளலாம், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

அவருக்கும் எனக்கும் பகை ஏதும் உண்டா என்று கேட்டதற்கு, கிடையாது. அவர் சாப்பிட்டதிலோ குடித்ததிலோ சந்தேகம் உண்டா என்று கேட்டதற்கு, இல்லை. உதவி கேட்டு அவர் கூப்பிட்டாரா என்று கேட்டதற்கு, வாய்விட்டுக் கூப்பிடவில்லை. பல்பைப் பொருத்தியது யார் என்று கேட்டதற்கு, நான். இதில் என் மருமகள் மேல் ஒரு துளி குற்றமும் இல்லை. சொன்ன சொல்லை மதித்தாள், அவ்வளவுதான்.

மேலே உள்ளதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கிய பிறகு, ஒன்று விட்டுப்போயிருக்கிறது, சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். தட்டுகிற சத்தம் கேட்டது, நின்றுவிட்டது என்று சொன்னேன். அது தானாக நிற்கவில்லை. அந்தச் சத்தம் தாளத்தில் இல்லை. தாறுமாறாக இருந்தது. இத்தனை நாள் கேட்டும் இந்த மனுஷனுக்குத் தாளம் பிடிபடவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது. குழலில் மெல்லிசான இடம் வேறு. நான் அவர் பக்கம் திரும்பாமல் "உஷ்" என்றேன். இன்னும் இரண்டு முறை தட்டினார், மெதுவாக. நான் மறுபடியும் "உஷ்" என்றேன். நிறுத்திவிட்டார். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

பின்னால் இருந்த டீச்சருக்கும் தபால்காரருக்கும் அது காதில் விழுந்திருக்கும். எனக்காக அவர்கள் மறைத்திருந்தால், மறைக்க வேண்டாம். இந்தத் தாளின் நகல் ஒன்றை என் மருமகளுக்குக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கதவைத் தட்டாமல் இருந்ததால்தான் அப்பா போய்விட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். உள்ளே நடந்தது அவளுக்குத் தெரிய வேண்டும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதை அவள் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை.

சேர்த்ததையும் படிக்கக் கேட்டேன். இதில் இருப்பது முழுக்க நான் சொன்னது, நடந்தது. கூட்டவும் இல்லை, இப்போது குறைக்கவும் இல்லை.

(ஒப்பம்)
கையெழுத்து சரியாக விழாததால் இடது பெருவிரல் ரேகையும் பெறப்பட்டது.